ஓர் உழக்கு எண்ணெய்

செபஸ்தியம்மாள் ஜெயித்தவற்றை வரிசையாகச் சொல்வதென்றால் தாது வருஷப் பஞ்சத்திலிருந்து தொடங்க வேண்டும். காமயகவுண்டன்பட்டியில் அந்த வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள். பஞ்சம் ஓய்ந்தபோது இரண்டு பேர் இருந்தார்கள்: பதினைந்து வயது இருதயமும், எட்டு வயதுத் தங்கை செபஸ்தியம்மாளும். அது முதலாவது. அடுத்த வருஷம் அம்மை வந்தது. இடது கண்ணோரம் இரண்டு தழும்பை மட்டும் வைத்துவிட்டு அதுவும் போனது. ஜெயமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டு மூன்றாம் வருஷம் புருஷன் காய்ச்சலில் இறந்தான். அவள் கொண்டுபோன கறவைப் பசுவை மாமனார் பிடித்து வைத்துக்கொண்டார். பங்குச் சாமியாரை வண்டி கட்டி அழைத்துப்போய் வாசலில் நிறுத்தி, பசுவைக் கன்றோடு இரண்டு நாள் நடத்தி ஊருக்கு ஓட்டி வந்தாள். பெண் கால் வைக்கக்கூடாது என்றிருந்த படகுக்குள் ஏறி நின்று வேலை செய்தாள். மலைமேல் பதினேழு படகுகளுக்கு இணைப்பு அடைத்தாள். ஒன்றிலும் ஒரு சிறங்கைத் தண்ணீர்கூட ஊறவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒன்பது மாதம் அவள் தோற்றுப்போனவளாக மலையடிவாரத்தில் கிடந்தாள். அந்தத் தோல்வி அவள் சம்பாதித்ததல்ல. அண்ணன் இருதயம் தன்னுடையதைத் தூக்கி அவள் தலையில் வைத்தான். அதையும் வரிசையில் சேர்க்காவிட்டால் மேலே சொன்ன எதற்கும் மதிப்பில்லை.

இருதயம் தச்சன். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். கதவு நிலை ஒரு நெல்மணி அளவு சாய்ந்தாலும் கழற்றி மறுபடி பூட்டுகிறவன். பேரியாற்றில் அணை கட்ட ஆள் எடுத்தபோது, தேக்கடிப் பக்கம் படகுத்துறையில் அவனுக்கு வேலை கிடைத்தது. கம்பத்துச் சமவெளியிலிருந்து மலையேறி வரும் சுண்ணாம்பும் சாமான்களும் அந்தத் துறையில் தட்டையடிப் படகுகளில் ஏறி, ஆற்று வழியாக அணைக்குப் போகும். படகு கட்டுவதும் பழுது பார்ப்பதும் அங்கேயேதான்.

அதுவரை அவன் நாற்காலியும் கதவும் செய்தவன். பலகையைப் பலகையோடு ஒட்ட அவனுக்குத் தெரிந்தது வச்சிரப் பசை. தோலைக் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசை காய்ந்தால் கல்லாகப் பிடிக்கும். தண்ணீரில் ஊறினால் கஞ்சியாகிவிடும். முதல் நாள் அவன் வச்சிரச் சட்டியோடு வந்து நின்றதைப் பார்த்து மேஸ்திரி வைகுண்டராஜ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“என்னவே, படகு கட்ட வந்தீரா, ஊஞ்சல் கட்ட வந்தீரா?”

வைகுண்டராஜ் தெற்கே கடற்கரை ஊர்க்காரர். பலகைகளின் இடுக்கை அடைப்பதைக் கலப்பத்து என்று சொல்வார். இடுக்கில் பஞ்சுத்திரியை வைத்து, மழுங்கிய உளியால், கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியல் கொண்டு தட்டித் தட்டி இறக்க வேண்டும். குங்கிலியப் பிசினைப் பொடித்து இலுப்பெண்ணெயில் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க அதன்மேல் வார்க்க வேண்டும். ஆறியதும் பலகையும் திரியும் குங்கிலியமும் ஒரே உடம்பாகிவிடும். இருதயம் இதைப் பத்தே நாளில் பிடித்துக்கொண்டான்.

பசுவை ஓட்டிக்கொண்டு வந்த தங்கையை அவன் மலைக்கு அழைத்துக்கொண்டான். சோறு பொங்க வந்தவள், சோறு வேகும் நேரத்தில் திரி திரித்தாள். அவள் திரி ஒரே பருமனாக இருந்தது. உளிக்குச் சிக்காமல் இறங்கியது. பிறகு குங்கிலியம் இடித்தாள். பிறகு காய்ச்சும் சட்டியருகே போய் உட்கார்ந்தாள். அங்கேதான் மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

“பொம்பளையப் படகுப் பக்கம் விடக்கூடாதுவே. எங்க ஊர்ல படகு நிழலைத் தாண்டக்கூட விடமாட்டோம்.”

“கவுத்திப் போட்டது படகா அண்ணாச்சி? அது கூரைதானே,” என்றாள் செபஸ்தியம்மாள். “கூரைக்குக் கீழதான் நாங்க பொறந்ததுலருந்து கெடக்கோம். ஒரு நா மேல கெடந்தா என்ன?”

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவிழ்த்துப் போட்ட படகின் வெளிப்பக்கம் அவள் வார்க்கலாம், நிமிர்த்திய பின் உள்பக்கம் ஆண்கள்தான் என்று ஏற்பாடாயிற்று. படகோட்டிகள் அதற்கும் முணுமுணுத்தார்கள். மூத்த படகோட்டி அம்மாவாசி, அவள் தொட்ட படகில் ஏறுமுன் எலுமிச்சம்பழம் ஒன்றை மிதித்துவிட்டுத்தான் ஏறுவான். அவள் அதையும் விடவில்லை.

“பழத்த மிதிச்சு வீணாக்காதீக அண்ணே. ஊறுகா போட்டாலும் கஞ்சிக்கு ஆகும்.”

பதம் பார்ப்பதில் அவளுக்கு ஒரு தனிக் கை இருந்தது. கொதிக்கும் குழம்பிலிருந்து ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விடுவாள். உறைந்ததை எடுத்து விரலால் வளைப்பாள், பல்லில் கடிப்பாள். பட்டென்று ஒடிந்தால் எண்ணெய் போதாது. மெழுகாகத் தொய்ந்தால் குங்கிலியம் போதாது. வளைந்து, தயங்கி, அப்புறம் ஒடிய வேண்டும். மேஸ்திரி படியில் அளந்து போடுவார். அவள் கடித்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் சட்டியை இறக்குவார். இருதயத்துக்கு அதில் பெருமை இருந்தது. கூடவே ஓர் உறுத்தலும் இருந்தது. எழுத்துத் தெரிந்தவன் அவன். மேஸ்திரியின் கண் போனதோ அவள் பல்லின் பக்கம்.

1892 கார்த்திகையில் வைகுண்டராஜுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. டோலியில் இறங்கிப் போகும்போது ஒரு காகிதத்தில் அளவு எழுதி இருதயத்தின் கையில் கொடுத்தார்: குங்கிலியம் நாலு படி, எண்ணெய் ஒரு படி. இருதயம் அதை மடித்துச் செபமாலைப் பையில் வைத்துக்கொண்டான். படிக்கத் தெரிந்த கையில் ஒரு காகிதம் வந்து சேர்ந்ததும் அவனுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

மார்கழி பிறந்தது. மலையில் விடியும்போது புல் வெள்ளையாக இருக்கும். மூச்சு புகையாக வரும். ஒரு காலையில் செபஸ்தியம்மாள் ஆறிப்போன குங்கிலியத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவன் முன்னால் அப்பளம்போல நொறுக்கிக் காட்டினாள்.

“நேத்து மத்தியானம் வளைஞ்சது அண்ணே. ராத்திரிக் குளிருல கெடந்துட்டு இப்ப நொறுங்குது. மேஸ்திரி அளவு கடக்கரைக்குச் சரி. இங்கனக்கு எண்ணெ பத்தாது.”

“எத்தன பத்தாது?”

“நாலு படிக்கு ஒரு ஒழக்கு, கால் படி எண்ணெ, கூட ஊத்தணும்.”

“முப்பது வருசம் கலப்பத்து அடிச்ச மனுசன் எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காக. நீ நேத்துப் பொடி இடிச்சவ.”

“அவுக முப்பது வருசமும் வேர்வையோட அடிச்சவுக அண்ணே. பல்லு கிட்டிக்கிட்டு அடிக்கலையே.”

இருதயம் காகிதத்தைப் பிரித்து அவளுக்கு எதிரே பிடித்தான். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது தெரிந்தே பிடித்தான். பின்னாளில் எதை நினைத்தாலும் முதலில் அவன் கண்ணுக்கு வருவது அந்தக் கைதான். அவள் காகிதத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். போய் ஓர் உழக்கு எண்ணெயைச் சட்டியில் கூட ஊற்றினாள். அவன் கத்தினான். அவள் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

கிறிஸ்து பிறப்புப் பூசைக்காக அவள் ஊருக்கு இறங்கிய நான்கு நாட்களில் ஒரு புதுப் படகு அவசரமாகத் தேவைப்பட்டது. இருதயம் பூசைக்குப் போகவில்லை. வேலையை முடித்துக் காட்ட வேண்டும் என்று நின்றுவிட்டான். அடியிணைப்பு எல்லாவற்றையும் அவனே அடைத்தான். நாலு படிக்கு ஒரு படி. தலைதட்டி அளந்தான். ஒரு சொட்டு கூடவில்லை, குறையவில்லை. மத்தியான வெயிலில் படகுக்குள் தண்ணீர் ஊற்றிச் சோதித்தான். ஓர் இடத்திலும் கசியவில்லை. தங்கை திரும்பியதும் படகைக் காட்டி, காகிதம் ஜெயித்ததைச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தான்.

படகு இரண்டு ராத்திரி துறையில் கிடந்தது. மூன்றாம் நாள், அவள் மலையேறி வந்து சேர்ந்த அன்று காலையில்தான், சுட்ட சுண்ணாம்புக் கல்லை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஓட்டியவன் அம்மாவாசி.

துறையை விட்டு அரை மைல் போகவில்லை. குளிரில் வெடித்திருந்த அடைப்பு சுமை அழுத்தியதும் பெயர்ந்தது. அடியில் தண்ணீர் ஏறியது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மூட்டைக்கு அடியிலிருந்து புகை வந்தது. பிறகு கொதி வந்தது. மற்ற இரண்டு பேர் ஆற்றில் குதித்துவிட்டார்கள். படகைக் கரைக்குத் தள்ளிவிட்டுத்தான் இறங்குவேன் என்று நின்ற அம்மாவாசிக்கு இரண்டு காலும் முழங்கால் வரை வெந்துபோனது.

அன்று பிற்பகல் ஓவர்சியர் துறைக்கு வந்தார். படகோட்டிகள் ஒரு பக்கம், தச்சர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். செபஸ்தியம்மாள் ஊரிலிருந்து வந்த மூட்டையைக்கூடப் பிரிக்கவில்லை.

“ஊருக்குப் போகுமுன்ன அந்தப் பொம்பள காய்ச்சி வச்சதத்தான வார்த்திருப்பாக. பொம்பள கை பட்ட படகு. நாங்க அப்பவே சொன்னோம்,” என்றான் ஒருவன்.

ஓவர்சியர் இருதயத்தைப் பார்த்தார். “மேஸ்திரி எழுதிக்கொடுத்த அளவு உன்னிடம்தானே இருக்கிறது? அதன்படிதான் காய்ச்சினீர்களா?”

அவன் வாய் திறந்தபோது, உண்மையைச் சொல்லத்தான் திறந்தது. வெளியே வந்தது வேறு.

“அளவுப்படிதான் காய்ச்சணும்னு நான் சொல்லியிருக்கேன் ஐயா. தங்கச்சி கூட ஒரு ஒழக்கு எண்ணெ ஊத்தும். நான் கண்டிச்சிருக்கேன்.”

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த ஒரே ஆறுதலை அவன் ஒன்பது மாதம் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். அது இறங்கவும் இல்லை, துப்பவும் முடியவில்லை.

“எண்ணெய் கூடினால் இளகாமல் என்ன செய்யும்?” என்றார் ஓவர்சியர். உடைந்த அடைப்பைக் குனிந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அவளை அன்றே இறங்கச் சொன்னார்.

செபஸ்தியம்மாள் கரையில் இழுத்துப் போட்டிருந்த படகருகே போனாள். அடியிணைப்பிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்தாள். ஒடித்தாள், பட்டென்று போனது. பல்லில் வைத்துப் பார்த்தாள். பிறகு திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது. அவன் உளியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். அவள் பிரிக்காத மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் கேவலம். அடுத்த படகை அடைக்கும் நாள் வந்தது. இருதயம் சட்டியருகே யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, நாலு படிக்கு ஒரு படியும் ஓர் உழக்கும் ஊற்றினான். படகு குளிரில் கிடந்தது; சுமை ஏறியது; ஒரு சொட்டு கசியவில்லை. அதற்கடுத்ததும் கசியவில்லை. மாசி முடிவதற்குள் ஐந்து படகு. ஓவர்சியர் அவன் தோளில் தட்டி, “கெட்டிக்காரன், அந்தப் பெண் போனதும் வேலை எப்படி இருக்கிறது பார்,” என்றார். இருதயம் கும்பிட்டான். கும்பிட்ட கையை அன்று முழுவதும் எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கோடைக் காய்ச்சலுக்குப் பயந்து வேலை நின்று, ஆனியில் மறுபடி தொடங்கியது. வைகுண்டராஜ் இனி வரமாட்டார் என்று செய்தி வந்தது. ஆவணி முடிந்ததும் இருதயத்தை மேஸ்திரி ஆக்குவது என்று பேச்சானது. தங்கை அடிவாரத்துச் சுண்ணாம்புக் காளவாசலில் கல் உடைக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். மலையிறங்கும்போதெல்லாம் காளவாசல் புகை தெரியாத பாதையாகச் சுற்றிப் போவான்.

ஆனால் அம்மாவாசியைப் பார்க்கப் போகாமல் இருக்க முடியவில்லை. கூடலூரில் அவன் வீட்டுக்கு மாதம் ஒருமுறை போய், சுண்ணாம்புத் தெளிவில் தேங்காயெண்ணெய் குழைத்துக் காலில் தடவிவிட்டு வருவான். புண் ஆறி, தோல் சுருங்கி, அம்மாவாசி கோல் ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தான்.

ஆவணிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, அவன் வாசலில் உட்கார்ந்து ஒரு செப்புக்காசைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“வாப்பா, ஆசாரி. இங்கன ஒக்காரு. செவ்வாக்கெழம வீரபாண்டிக்கு வண்டி கட்டுறேன்.”

“நேத்திக்கடனா?”

“காசு வெட்டிப் போடப் போறேன்.”

வேதக்காரனானாலும் இருதயத்துக்கு அது தெரியாததில்லை. தீங்கு செய்தவன் பெயரைச் சொல்லி ஆத்தா சந்நிதியில் காசை இரண்டாக வெட்டிப் போட்டால், உறவும் அறும், கையும் அறும் என்பார்கள். அதற்கு மேல் வழக்கும் இல்லை, சமாதானமும் இல்லை.

“யாருக்கு?” என்று கேட்டான். கேட்காமலே தெரிந்தது.

“கூடப் பொறந்தவன் மொகத்துக்கு நேரா சொல்லுறேன்னு வருத்தப்படாத. ஒன் தங்கச்சிக்குத்தான். சட்டி பிடிச்ச கையி மொடங்கணும். நீ தங்கமான ஆளு, மாசா மாசம் எண்ணெ கொண்டாந்து தடவுற. ஆனா அவ ஒரு நாளாச்சும் எட்டிப் பாத்தாளா? எப்படிப் பாப்பா, நெஞ்சு குறுகுறுக்கும்ல.”

இருதயம் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவனுக்கு அந்தத் தெய்வத்தின் மேல் நம்பிக்கை உண்டா இல்லையா என்று அவனே யோசிக்கவில்லை. தங்கை கல் உடைக்கும் கை கண்ணில் நின்றது. ஒரு குற்றமும் செய்யாத கை. செவ்வாய்க்கிழமை அதன் பெயரில் காசு வெட்டப்படும்.

“அண்ணே, அந்தக் கையி இதுதான்,” என்று தன் வலது கையை நீட்டினான்.

அம்மாவாசிக்குப் புரியவில்லை. இருதயம் சொன்னான். காகிதம், கிறிஸ்து பிறப்பு, நாலு படிக்கு ஒரு படி, ஓவர்சியரிடம் சொன்னது, அதற்குப் பிறகு திருட்டுத்தனமாக ஊற்றிய உழக்கு, எல்லாவற்றையும் ஒழுங்கு தவறாமல் சொன்னான். சொல்லி முடித்தபோது அம்மாவாசி காசைத் தேய்ப்பதை நிறுத்தியிருந்தான்.

“ஏலே,” என்றான் மெதுவாக. “ஏலே, நீ என் காலுக்கு எண்ணெ தடவல. ஒன் நெஞ்சுக்குல்ல தடவியிருக்க.”

இருதயம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

“ஒம்போது மாசமா ஒரு பொட்டப்புள்ளய வாயில போட்டு வஞ்சிருக்கேனே. ஊரு பூராவும் வஞ்சிருக்கேனே!” கோலை எடுத்து அவன் பக்கம் ஓங்கினான், ஓங்கியபடி நின்றுவிட்டு, தரையில் ஊன்றிக்கொண்டான். “காச வெட்டட்டுமா, வேணாமான்னு நீ சொல்லு. ஒன் பேரச் சொல்லி வெட்டவா?”

“வெட்டுங்க.”

“தூ. என்கிட்டச் சொன்னா முடிஞ்சுபோச்சா? துறையில, அத்தன பேரு முன்னால, எந்த வாயால கெடுத்தயோ அந்த வாயாலயே சொல்லணும். செவ்வாக்கெழமைக்குள்ள சொல்லு. சொல்லல, வண்டி கெளம்பிரும்.”

திங்கட்கிழமை காலை, ஆட்கள் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும் நேரத்தில், இருதயம் ஓவர்சியர் முன்னால் போய் நின்று சொன்னான். இந்தத் தடவை ஒரு சொல்லையும் சாமர்த்தியமாக வைக்கவில்லை. வரிசையில் ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்காமல் இருந்ததுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

“மேஸ்திரி வேலை உனக்கில்லை,” என்றார் ஓவர்சியர். “தச்சனாக இரு, அது போதும். சட்டியை இனி நீ தொட வேண்டாம். போய் அந்தப் பெண்ணை அழைத்து வா.”

காளவாசலில் அவளைக் கண்டுபிடிக்கவே சிறிது நேரமாயிற்று. எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளையாக இருந்தார்கள். அவள் சுத்தியலைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டாள்.

“எனக்குத் தெரியும்ணே,” என்றாள். “அன்னைக்குப் பல்லுல வச்சப்பவே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் ஆத்தா சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன். மலைய விட்டு எறங்குற வரைக்கும் பின்னால ஆள் வருதான்னு பாத்துக்கிட்டே எறங்குனேன். அப்புறம் ஞாயித்துக்கெழமக்குள்ள வந்துருவேன்னு இருந்தேன். அப்புறம் உயிர்ப்புத் திருநாளைக்குள்ள. அதுக்கப்புறம் எதிர்பாக்கறத விட்டுட்டேன்.”

“என்னய மன்னிச்சுரு தங்கச்சி.”

அவள் ஒரு கல்லை உடைத்தாள். இன்னொன்றை உடைத்தாள்.

“மேல என்ன கூலின்னு கேக்கல. ரெண்டு காரியம் வேணும். முன்னாடி துறையில பேரு கூப்பிடயில ‘இருதயம் தங்கச்சி’ம்பாக. இனிமே எம் பேருலதான் கூப்பிடணும். ரெண்டாவது, படகுக்கு உள்பக்கமும் நான்தான் அடைப்பேன். பாதிப் படகுக்கு நான் பொறுப்பு, பாதிப் படகுக்கு எவனோ பொறுப்புங்கற கத எனக்கு வேணாம்.”

“ரெண்டையும் கேட்டு வாங்கித் தாரேன்.”

“நீ வாங்கித் தர வேணாம். நானே கேட்டுக்கிறேன். வழிய மட்டும் காட்டு, துறைய மாத்திட்டாகன்னு சொன்னாக.”

மன்னித்தாளா என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை. கேட்கும் உரிமையை ஒன்பது மாதத்தில் செலவழித்துவிட்டதாக நினைத்தான்.

அவள் கேட்டாள். படகுக்குள் அவள் ஏறுவதைப் பற்றி ஓவர்சியர் படகோட்டிகளைக் கேட்டபோது, கோல் ஊன்றி வந்திருந்த அம்மாவாசி எல்லோருக்கும் முந்திக்கொண்டான்.

“ஆம்பள அடச்சதுக்குத்தான் எங்காலு வெந்துச்சு. ஆத்தா ஏறட்டும்.”

ஒரு மாதம் பொறுத்து, அவள் கையில் மூன்று படகுகள் இறங்கி ஓடிய பிறகு, கலப்பத்து வேலை முழுவதற்கும் அவளையே பொறுப்பாக்கி ஒப்பந்தக் கடிதம் எழுதப்பட்டது. ஓவர்சியர் அதை மேசைமேல் விரித்து, “இங்கே கீறல் போடு அம்மா,” என்று இடத்தைக் காட்டினார். எழுதத் தெரியாதவர்கள் குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் இழுப்பது வழக்கம். பக்கத்தில் ‘செபஸ்தியம்மாள் கீறல்’ என்று எழுத இருதயம் பேனாவோடு தயாராக நின்றான்.

அவள் அவன் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். காளவாசலில் கல் உடைத்த மாதங்களில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் உபதேசியார் மனைவி ஞானசெல்வியிடம் மணலில் எழுதிப் பழகியிருக்கிறாள். அண்ணனுக்கு அது தெரியாது. எதிரே பிடிக்கப்பட்ட ஒரு காகிதத்துக்காகத்தான் அவள் பழகினாள் என்பதை மட்டும் அவன் உடனே தெரிந்துகொண்டான். குங்கிலியம் வார்ப்பது போலவே நிறுத்தி நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். ஒரு முறைதான் மை தொட்டாள். எழுதியதை ஓவர்சியர் பக்கம் திருப்பி வைத்தாள். சாட்சியாக அதற்குக் கீழே இருதயம் தன் பெயரை எழுதினான். குனிந்த தலையை நிமிர்த்தாமலே அதற்கும் கீழே தேதியையும் போட்டான்: 1893-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 16-ஆம் தேதி, திங்கட்கிழமை.